கார்கோசாவுக்கு எந்த வழி? கற்பனை உலகங்களை இணைக்கும் ஃபேன் தியரிகள்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை நடக்கும் உலகமான, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வெஸ்டரோஸ் உலகத்துக்கென்றே ஒரு வரலாற்று நூல் இருக்கிறது. 'தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்று பெயர், 2014இல் வந்தது. அதில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், ஓரளவு தெரிந்த நாடுகளெல்லாம் தீர்ந்த பிறகு, கார்கோசா என்று ஒரு நகரம் வருகிறது. தன்னை 69ஆவது மஞ்சள் பேரரசன் என்று சொல்லிக்கொள்ளும் மந்திரவாதி ஒருவன் நாட்டை இழந்து அங்கே வாழ்கிறானாம். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை.

பழைய திகில் கதைகள் படித்த வாசகர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். கார்கோசா அவருக்குப் பழகிய பெயர். 1895இல் ராபர்ட் டபிள்யூ. சேம்பர்ஸ் வெளியிட்ட 'தி கிங் இன் யெல்லோ' தொகுப்பிலும் கார்கோசா வருகிறது. அங்கேயும் மஞ்சள் அரசன் ஒருவன் உண்டு. ஊர்ப் பெயர் ஒன்று, நிறமும் ஒன்று. அப்படியானால் இரண்டும் ஒரே உலகமா?

இப்படி ஒருவர் கேட்டதுமே ஃபேன் தியரி ஒன்று பிறந்துவிடுகிறது. ஆசிரியர் சொல்லாத ஒன்றை, புத்தகத்தில் கிடக்கும் தடயங்களை வைத்து வாசகர்களே ஊகிப்பதுதான் ஃபேன் தியரி. அதில் பல வகை உண்டு. இந்தப் பாத்திரம் உண்மையில் யாருடைய மகன், அந்த மந்திரவாதி நிஜமாகவே செத்தானா என்பதெல்லாம் ஒரு கதைக்குள்ளேயே முடிகிற ஊகங்கள். இங்கே பேசப்போவது இன்னும் துணிச்சலான வகை. வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதிய, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத ஃபேன்டஸி தொடர்களை எடுத்து, அவற்றின் தொன்மங்கள் ஒரே மூலத்தின் கிளைகள் என்று காட்ட முயல்வது.

ஏன் தொன்மம்? கதையோட்டத்தை இணைப்பது கடினம். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோ மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களில், சி. எஸ். லூயிஸ் படைத்த நார்னியாவில் என்ன நடந்தது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, இரண்டு நாட்காட்டிகளும் ஒட்டாது. தொன்மத்தின் ஓரங்கள் அப்படி இறுக்கமானவை அல்ல. உலகம் எப்படிப் படைக்கப்பட்டது, முதல் தீமை எங்கிருந்து வந்தது, எந்தத் தீவு கடலில் மூழ்கியது என்பதையெல்லாம் அந்த உலகத்து மனிதர்களே செவிவழியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரே கடவுளுக்கு ஊருக்கொரு பெயர் இருக்கலாம். ஒரே போரைத் தோற்றவர்கள் ஒரு மாதிரியும் வென்றவர்கள் ஒரு மாதிரியும் சொல்லலாம். அந்த இடைவெளிக்குள்தான் வாசகர் நூலைக் கோக்கிறார்.

இந்த விளையாட்டு புதிதல்ல. 1911இலேயே ரொனால்ட் நாக்ஸ் என்பவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வரலாற்று ஆவணம் போல வைத்துக்கொண்டு, அதிலுள்ள முரண்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஹோம்ஸ் நிஜ மனிதர் என்று வைத்துக்கொண்டு ஆராய்வதுதான் விதி. பல ஆசிரியர்களின் பாத்திரங்களை ஒரே வம்சத்தில் சேர்த்துக் காட்டிய பெரிய முயற்சி ஃபிலிப் ஹோசே ஃபார்மருடையது. 1795 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வோல்ட் நியூட்டன் கிராமத்தருகே ஒரு விண்கல் விழுந்தது. இது நிஜம். ஏறக்குறைய 25 கிலோ எடையுள்ள அந்தக் கல் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நேரம் அவ்வழியே குதிரை வண்டிகளில் போனவர்கள் மேல் அதன் கதிர்வீச்சு பட்டது, அவர்களுடைய சந்ததியில் வந்தவர்கள்தான் டார்ஸானும் ஹோம்ஸும் இன்னும் பலரும் என்று ஃபார்மர் 1972இல் எழுதினார். நிஜமான கல் ஒன்றை ஆணியாக அடித்து அதில் இத்தனை கற்பனை மனிதர்களையும் மாட்டிவிட்டார். இப்போது வரும் தியரிகள் பலவற்றுக்கும் இதுதான் முன்மாதிரி.

சரி, புதிதாக இதற்குள் வருபவர் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். இரண்டு புத்தகங்களில் ஒரே பொருளைப் பார்த்தால், 'இரண்டும் ஒன்றா?' என்று கேட்பதற்கு முன்னால், 'இது எந்த வழியாக இங்கே வந்தது?' என்று கேளுங்கள். வழி தெரிந்தால் தியரியின் எடை தானாகத் தெரிந்துவிடும்.

ஆசிரியரே போட்ட பாதை

சில இணைப்புகள் ஊகமே அல்ல. பிராண்டன் சாண்டர்சனின் பல தொடர்கள் காஸ்மியர் என்ற ஒரே அண்டத்தில் நடக்கின்றன. ஹாய்ட் என்றொரு ஆள் உலகம் விட்டு உலகம் போய்க்கொண்டே இருப்பான். 'வார்பிரேக்க'ரில் கதைசொல்லியாக வருவான், 'தி வே ஆஃப் கிங்ஸ்' நாவலில் அரசவை விதூஷகனாக நிற்பான். இது ஆசிரியரே திட்டமிட்டு வைத்தது, ஆகவே இது கேனான். ஒரு கதையுலகில் அதிகாரபூர்வமாக உண்மை என்று ஏற்கப்பட்ட செய்திகளுக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் அது. 'எனக்கு இது உண்மை, ஆசிரியர் என்ன சொன்னாலும் சரி' என்று ஒரு வாசகர் வைத்துக்கொள்வது ஹெட்கேனான். தியரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

ஊகமாக இருந்தது கேனானாக மாறியதும் உண்டு. ரிக் ரியார்டனின் பெர்சி ஜாக்சன் கதைகளில் கிரேக்கக் கடவுள்கள் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் குடியிருக்கிறார்கள். 2010இல் அவர் எகிப்தியக் கடவுள்களை வைத்து 'தி ரெட் பிரமிட்' எழுதினார். அதில் புரூக்ளினில் வாழும் ஒரு மந்திரவாதி, மன்ஹாட்டன் பக்கம் வேறு கடவுள்கள் இருக்கிறார்கள், நாம் ஒதுங்கியிருப்பதே நல்லது என்ற பொருளில் ஒரு வார்த்தை விடுகிறார். பெர்சியைப் படித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 2013இல் வந்த 'தி சன் ஆஃப் சோபெக்' சிறுகதையில் இரண்டு தொடர்களின் நாயகர்களும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். இங்கே ஆசிரியர் ஒருவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே கை எழுதும்போது இப்படி ஒரு வரி பெரும்பாலும் வாக்குறுதிதான்.

நண்பனுக்கு ஒரு கண் சிமிட்டல்

இரண்டு ஆசிரியர்கள் என்றால் நிலைமை வேறு. ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' தொடரில் காலம் ஒரு சக்கரம். யுகங்கள் வரும், போகும், நினைவு புராணமாகும், புராணமும் மறந்த பின் அதே யுகம் மறுபடி வரும். மார்ட்டினின் 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' நாவலில், புத்தகப் பிரியரான ஒரு பிரபு தன் மருமகளிடம் பேசும்போது, வரலாறு ஒரு சக்கரம் என்று ரிக்னி என்ற அறிஞர் எழுதியிருப்பதாகச் சொல்கிறார். முன்பு நடந்தது மறுபடியும் நடந்தே தீரும் என்பது ரிக்னியின் வாதம்.

அந்தப் பக்கத்தை முதல் தடவை நான் கவனிக்காமலே தாண்டிவிட்டேன். இரண்டாம் வாசிப்பில்தான் பெயர் உறைத்தது. ராபர்ட் ஜோர்டன் என்பது புனைபெயர், அவருடைய இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. அப்புறம் தேடிப் போனால் இன்னும் கிடைக்கிறது. வெஸ்டரோஸின் தென்கோடியில், டோர்ன் நாட்டில், ஜோர்டெய்ன் என்றொரு குடும்பம். கோட்டையின் பெயர் டார். 'வீல் ஆஃப் டைம்' தொடரை வெளியிட்ட பதிப்பகத்தின் பெயரும் டார். அந்தக் குடும்பத்தின் தலைவர் ட்ரெபோர். ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டினால் ராபர்ட் வரும். குடும்பச் சின்னம் ஓர் இறகுப் பேனா.

இதை வைத்து, வெஸ்டரோஸ் என்பது ஜோர்டனின் சக்கரத்தில் ஒரு சுற்று என்று சொல்லலாமா? ஆசைப்படலாம், எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தடயங்கள் எதுவும் உலகங்களைப் பற்றிப் பேசவில்லை. பேனா, பதிப்பகம், இயற்பெயர் எல்லாமே எழுத்தாளரைச் சுட்டுகின்றன. இது ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குச் செய்த மரியாதை. நாவல் வந்தது 2005இல், ஜோர்டன் மறைந்தது 2007இல். உயிரோடு இருக்கும்போதே செய்த மரியாதை என்பதை நினைக்கும்போது அந்த வரி எனக்கு இன்னும் பிடித்துப்போகிறது. இப்படி ஒளித்துவைக்கும் குறிப்புகளை ஈஸ்டர் எக் என்பார்கள்.

காதால் கேட்ட நூமினோர்

மிகவும் நேர்த்தியான உதாரணம் டோல்கீனும் சி. எஸ். லூயிஸும்தான். ஆக்ஸ்ஃபோர்டில் நெருங்கிய நண்பர்கள். இங்க்ளிங்ஸ் என்ற குழுவில், எழுதிக்கொண்டிருப்பதை ஒருவருக்கொருவர் உரக்கப் படித்துக் காட்டுவார்கள். ஒருவர் விண்வெளிப் பயணக் கதை எழுதுவது, மற்றவர் காலப் பயணக் கதை எழுதுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். லூயிஸ் தன் பங்கை எழுதி முடித்தார். டோல்கீன் தன் கதையை முடிக்கவே இல்லை. ஆனால் அந்த முயற்சியிலிருந்துதான் நூமெனோர் வந்தது, அகந்தையால் கடலில் மூழ்கிய தீவு ராஜ்ஜியம்.

1945இல் லூயிஸின் 'தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்' நாவல் வந்தது. அதில் ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் மந்திரவாதி மெர்லினின் மந்திரம் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு வரும்போது, நூமினோர் என்ற பெயர் வருகிறது. நூமெனோர் அல்ல, நூமினோர். முன்னுரையிலேயே லூயிஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்: இதைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் தன் நண்பர் டோல்கீனின் கையெழுத்துப் பிரதிகள் அச்சாகும்வரை பொறுத்திருக்க வேண்டும். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வெளிவந்தது 1954–55இல்தான். தீவின் கதையை முழுதாகச் சொல்லும் 'தி சில்மரில்லியன்' 1977இல், டோல்கீன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது.

அந்த எழுத்துப் பிழையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'மெ' இருக்க வேண்டிய இடத்தில் 'மி'. லூயிஸ் அந்தப் பெயரை எழுத்தில் பார்த்து எடுக்கவில்லை, நண்பர் படிக்கக் காதால் கேட்டு எழுதியிருக்கிறார். டோல்கீனே பின்னாளில் அப்படித்தான் விளக்கினார். ஓர் உயிரெழுத்து மாறியதிலிருந்து அந்தப் பெயர் வந்த வழி முழுக்கத் தெரிகிறது: ஓர் அறை, ஒரு குரல், கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர். இரண்டு தொன்மங்களுக்கு இடையே நிஜமான பாலம் வேண்டும் என்றால் இதைவிட உறுதியானது எனக்குத் தெரிந்து இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு ரசிகர்கள் மேலே போகிறார்கள். டோல்கீனின் உலகம் பாட்டிலிருந்து பிறக்கிறது. கடவுள் ஒரு கருப்பொருளைத் தருகிறார், ஐனூர் எனப்படும் தேவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள், மெல்கோர் இடையில் அபஸ்வரம் எழுப்புகிறான். நார்னியாவும் பாட்டிலிருந்தே பிறக்கிறது. 1955இல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' நாவலில் அஸ்லான் என்ற சிங்கம் பாடப் பாட விண்மீன்களும் மலைகளும் மிருகங்களும் தோன்றுகின்றன. அங்கேயும் தீமை பக்கத்திலேயே நிற்கிறது. சூனியக்காரி ஜேடிஸ் அந்தப் பாட்டைப் பொறுக்காமல் இரும்புத் தடியைச் சிங்கத்தின் மேல் எறிகிறாள். இன்னொன்றும் உண்டு. 'தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்' நாவலில், குழந்தைகள் உருண்டையான உலகத்திலிருந்து வந்தவர்கள் என்று கேட்டு இளம் அரசன் காஸ்பியன் பரவசப்படுகிறான், ஏனென்றால் நார்னியாவின் உலகம் தட்டையானது. டோல்கீனின் உலகமும் முதலில் தட்டைதான், நூமெனோர் மூழ்கியபோதுதான் உருண்டையாக்கப்பட்டது.

ஆகவே இரண்டையும் படைத்தவர் ஒருவரே, நார்னியா என்பது வளைக்கப்படாமல் தப்பிய உலகம் என்று ஒரு தியரி கட்டலாம். அழகாகவே இருக்கிறது. ஆனால் 'எந்த வழியாக வந்தது?' என்று கேட்டால் இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, லூயிஸ் நண்பரிடம் கேட்டது. இன்னொன்று, இருவரும் படித்தது. டோல்கீன் கத்தோலிக்கர், லூயிஸ் ஆங்கிலிகன். இருவருக்கும் பைபிள் பொது. யோபு ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தில், பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது விடியற்காலத்து நட்சத்திரங்கள் சேர்ந்து பாடியதாக வருகிறது. உலகம் தட்டை என்பதோ பழைய தொன்மங்கள் பலவற்றிலும் இருக்கிறது. தீமை நிற்கும் இடத்திலும் வித்தியாசம் உண்டு. மெல்கோர் பாடகர் குழுவிலேயே ஒருவன், ஜேடிஸ் வேறோர் உலகத்திலிருந்து தவறி வந்தவள். போதாததற்கு, நார்னியா கதைகள் டோல்கீனுக்குப் பிடிக்கவே இல்லை. நூமினோருக்கு நான் கொடுக்கும் எடையில் பாதியைக்கூட இந்தப் பாட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

ஒரே கிணற்றுத் தண்ணீர்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒரே பழைய கிணற்றில் இறைத்திருந்தால், இரண்டு குடங்களிலும் ஒரே தண்ணீர்தான் இருக்கும். அதனால் குடங்கள் உறவாகிவிடாது. 'தி ஹாபிட்'டில் வரும் குள்ளர்களின் பெயர்களில் பெரும்பாலானவற்றையும், கேண்டால்ஃப் என்ற பெயரையும், டோல்கீன் 'வோலுஸ்பா' என்ற பழைய நார்ஸ் பாடலிலிருந்து எடுத்தார். அதே பாடலிலிருந்து வேறொருவர் பெயர் எடுத்தால் அவருடைய குள்ளன் டோல்கீனின் குள்ளனுக்குத் தம்பி ஆக மாட்டான். நிக்கோலா ஃபிளமேல் இன்னும் தெளிவான உதாரணம். 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டர் நாவலில் அவர் பெயர் வருகிறது. 2007இல் மைக்கேல் ஸ்காட் எழுதிய 'தி ஆல்கெமிஸ்ட்' அவரை வைத்தே ஓடுகிறது. இரண்டிலும் சாகாவரம் பெற்றவர். ஆனால் ஃபிளமேல் 1418இல் பாரிஸில் இறந்த நிஜ மனிதர், அவர் ரசவாதி என்ற கதை அவர் காலத்துக்குப் பின் பரவியது. இரண்டு ஆசிரியர்களும் அந்தக் கதையைத்தான் எடுத்தாண்டிருக்கிறார்கள். இதை வைத்து ஹாரியையும் மற்றக் கதையையும் இணைப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான்.

டோல்கீனே இதை அறிந்தவர். தேவதைக் கதைகளைப் பற்றிய தன் கட்டுரையில், கதைகள் எல்லாம் ஒரு பெரிய கொப்பரையில் காலங்காலமாகக் கொதித்துக்கொண்டிருக்கின்றன, அதில் புதிது புதிதாகத் துண்டுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன என்று சொல்கிறார். தியரி கட்ட உட்காருபவர், தன் கையிலிருக்கும் துண்டு கொப்பரையிலிருந்து வந்ததா, பக்கத்து மேசையிலிருந்து வந்ததா என்று பார்த்துவிட வேண்டும். பொதுவான ஒற்றுமைகள் கொப்பரையைச் சேர்ந்தவை: டிராகன், மூழ்கிய தீவு, உண்மைப் பெயரில் ஒளிந்திருக்கும் மந்திரம். தனித்தன்மையான, வேறெங்கும் கிடைக்காத விவரம் என்றால்தான் பக்கத்து மேசை.

இப்போது கார்கோசாவுக்குத் திரும்புவோம். அந்தப் பெயர் கொப்பரையில் இல்லை, அதற்குப் பிறந்த தேதி உண்டு. 1886இல் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் எழுதிய ஒரு சிறுகதையில் முதலில் வருகிறது. ஒரு மனிதன் அறிமுகமில்லாத பாழ்நிலத்தில் அலைகிறான், கடைசியில் ஒரு கல்லறைக் கல்லில் தன் பெயரையே படிக்கிறான். அவனுடைய ஊர்தான் கார்கோசா. அந்தக் கதையின் தொடக்கத்தில் ஹாலி என்ற ஞானியின் வாக்கு ஒன்று மேற்கோளாக வரும். ஒன்பது ஆண்டுகள் கழித்து சேம்பர்ஸ் இந்தப் பெயர்களைக் கடன் வாங்கினார். அவருடைய கதைகளில் ஹாலி ஓர் ஏரி! ஹாஸ்டர் என்ற பெயருக்கும் இதே கதிதான். பியர்ஸிடம் அது மேய்ப்பர்களின் சாதுவான கடவுள். சேம்பர்ஸ் அதை ஊர்ப் பெயர் மாதிரிப் புழங்கினார். 1931இல் எச். பி. லவ்கிராஃப்ட் தன் கதையொன்றில், திகில் பெயர்களின் நீண்ட பட்டியலில் ஹாஸ்டரையும் ஹாலி ஏரியையும் போகிறபோக்கில் சேர்த்தார். அவருக்குப் பின் ஆகஸ்ட் டெர்லத் ஹாஸ்டரைக் கொடிய பழந்தெய்வமாகவே ஆக்கிவிட்டார். அங்கிருந்து 2014இல் மார்ட்டினின் கீழ்த்திசைக்கு. முதல் கதையிலிருந்து எண்ணினால் 128 ஆண்டுகள்.

வழி முழுக்கத் தெரிந்துவிட்டது. இத்தனை கை மாறியும் பெயர் மட்டும்தான் அப்படியே வந்திருக்கிறது. ஞானி ஏரியானார், மேய்ப்பர் கடவுள் பூதமானார். இது ஒரே உலகம் என்பதற்கான சாட்சி அல்ல. எழுத்தாளர்கள் ஒருவர் கதையை ஒருவர் ஆசையோடு படித்து, ஒரு சொல்லைக் கைக்குக் கை கடத்தியதற்கான சாட்சி. தியரி தோற்றாலும் அதைத் தேடிப் போனதால் நான்கு ஆசிரியர்களைப் படித்திருப்போம், அது எனக்குப் பெரிய லாபம்.

எதையும் கொள்ளும் பை

கடைசியாக, தடயமே தேவைப்படாத தியரிகள். ஜோர்டனின் சக்கரம் அப்படிப்பட்டது. 1990இல் வந்த 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' நாவலில், ஊர் ஊராகப் போகும் கதைசொல்லி ஒருவர் மோஸ்க் என்ற அரக்கனைப் பற்றிச் சொல்கிறார். உலகையே சுற்றி எட்டும் நெருப்பு ஈட்டி அவனிடம் இருந்ததாம், அல்ஸ்பெட் என்ற ராணியோடு போர் செய்தானாம். வாசகர்களுக்கு மாஸ்கோவும் ஏவுகணையும் எலிசபெத்தும் தெரிந்துவிடுகின்றன. நம் காலம்தான் அவர்களுக்குப் புராணம். நான்காம் நாவலில் ஓர் அருங்காட்சியகம் வருகிறது. அங்கே வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம், வெள்ளி நிறம், கீறல் விழுந்தது, பக்கத்திலிருக்கும் பழங்கால எலும்புகளைவிடப் பழையது. அதிலிருந்து கர்வமும் பகட்டும் வீசுவதைப் பத்தடி தள்ளி நின்றே உணர முடிகிறது. அது ஒரு மெர்சிடிஸ் காரின் சின்னம் என்று உறைத்ததும் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன்.

நம் உலகமே அந்தச் சக்கரத்தில் ஒரு யுகம் என்றால், நம் உலகில் எழுதப்பட்ட எந்தக் கதையையும் அதில் பொருத்திவிடலாம். எதை வேண்டுமானாலும் கொள்ளும் பை அது. அதுதான் அதன் பலவீனமும்கூட. எந்தத் தடயம் கிடைத்தாலும் பொய்யாகாத தியரி எதையும் நிரூபிக்காது. ஆனாலும் இப்படிப்பட்ட பைகள் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் சில சமயம் ஆசிரியரே அதன் வாயைத் திறந்து வைத்திருக்கிறார்.

லூயிஸின் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ'வில் உலகங்களுக்கு நடுவே ஒரு காடு இருக்கிறது. சத்தமே இல்லாத காடு, சில அடிக்கு ஒரு சிறு குளம், ஒவ்வொரு குளமும் ஓர் உலகத்துக்கு வாசல். கதையின் குழந்தைகளான டிகரியும் பாலியும் தங்கள் உலகத்துக் குளத்தை மறந்துவிடாமலிருக்க அதன் கரையில் புல்லைச் செதுக்கி அடையாளம் வைக்கிறார்கள். அந்தக் குளங்களில் ஒன்று டோல்கீனின் உலகமான மிடில் எர்த்துக்குப் போகிறது என்பது இந்த வகைத் தியரிகளில் மிகப் பிரியமான ஒன்று. அதற்கு ஆதாரம் கிடையாது, அதை மறுக்கவும் எதுவும் இல்லை.

கதையின் முடிவில் அஸ்லான் குழந்தைகளுக்கு அந்தக் காட்டில் ஒரு பள்ளத்தைக் காட்டுகிறது. புல் முளைத்த, காய்ந்த பள்ளம். முன்பு அது ஜேடிஸின் உலகத்துக்குப் போகும் குளமாக இருந்தது. அந்த உலகம் முடிந்துவிட்டது, ஆகவே தண்ணீர் இல்லை. மற்றக் குளங்களில் தண்ணீர் அப்படியே இருக்கிறது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் யாரும் இறங்கிப் பார்க்காமலே நாவல் முடிகிறது.